பந்தியில் முதல் இலை

அமெரிக்க சினிமா அந்தக் காலத்தில் எல்லோருக்கும் இடம் கொடுக்கவில்லை என்று யாராவது குறைப்பட்டால் நம்பாதீர்கள். கொடுத்தது. 1954 இல் எறும்புக்குக் கொடுத்தது. 1955 இல் சிலந்திக்கும் ஆக்டோபஸுக்கும் கொடுத்தது. 1957 நண்டுக்கும் வெட்டுக்கிளிக்கும் கும்பிடுபூச்சிக்கும் யோகம் அடித்த வருஷம். 1959 இல் அட்டையும் மூஞ்சூறும் கரையேறின. அந்த ஆக்டோபஸைப் பொம்மையாகச் செய்து அசைத்த ரே ஹாரிஹவுசனுக்குப் பட்ஜெட் போதவில்லை. எட்டுக்குப் பதில் ஆறு கைதான் வைத்தார். அதற்காக யாரும் அதைத் தள்ளி வைக்கவில்லை. கோல்டன் கேட் பாலத்தையே கொடுத்து, இஷ்டம்போல் உடைத்துக்கொள் என்றார்கள். ஒரு தொழில் இதைவிடப் பெருந்தன்மையாக நடந்துகொள்ள முடியுமா?

கறுப்பருக்கும் கொடுத்தார்கள். சந்தேகம் இருந்தால் 'த கில்லர் ஷ்ரூஸ்' பாருங்கள். 1959, டெக்சாஸில் எடுத்தது. பிள்ளையாரைச் சுமக்கிற அதே மூஞ்சூறுதான். ஒரு விஞ்ஞானியின் மருந்தால் ஓநாய் அளவுக்கு வளர்ந்து, தீவில் இருப்பவர்களைத் தின்னத் தொடங்குகிறது. (நாய்களுக்கு ரோமத் தோலைப் போர்த்தி ஓடவிட்டிருக்கிறார்கள். வால் ஆட்டுவதை மறைக்க முடியவில்லை.) படகின் கேப்டன் வெள்ளையர். அவருடைய உதவியாள் கிரிஸ்வோல்ட் கறுப்பர். நடித்தவர் ஹென்றி டூப்ரே. புயல் வருகிறது. கேப்டன் விஞ்ஞானியின் வீட்டுக்குள் மதுக் கிளாஸோடு உட்கார்ந்திருக்கிறார். வெளியே படகருகில் இருப்பவர் கிரிஸ்வோல்ட். மரத்தில் ஏறித் தப்பப் பார்க்கிறார், மரம் தாங்கவில்லை. அவர் முடிந்ததும் அடுத்து யார்? வீட்டு வேலைக்காரர், மெக்சிகோக்காரர் மரியோ. அதற்குப் பிறகுதான் வெள்ளைத் தோல்மேல் பல் படுகிறது.

பந்திக்கு முந்து என்பார்கள். அமெரிக்கப் பூதப் படங்களில் கறுப்பரும் மெக்சிகோக்காரரும் தவறாமல் முந்தினார்கள், இலையில் வைக்கப்பட்ட பதார்த்தமாக. மூஞ்சூறுக்குப் பார்வை மங்கல் என்று விலங்கியல் சொல்கிறது. அந்த மங்கல் கண்ணுக்கும் ஆளின் நிறம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது டெக்சாஸ் மண்ணின் விசேஷமாக இருக்கலாம்.

இந்த வரிசைக்கு இலக்கணம் எழுதிய படம் 1954 இல் வந்த 'கிரீச்சர் ஃப்ரம் த பிளாக் லகூன்'. ஜாக் ஆர்னல்ட் இயக்கியது. அமேசான் காட்டுக்குள் அமெரிக்க விஞ்ஞானிகள் போகிறார்கள். அங்கே கோடிக்கணக்கான வருஷமாக யார் வம்புக்கும் போகாமல் ஒரு செவுள்மனிதன் நீரில் வாழ்கிறான். கூடாரத்தில் முதலில் சாகிறவர்கள் லூயிஸும் தாமஸும், உள்ளூர்க் கையாட்கள். படகின் கூலியாட்களும் அந்த வழியே போகிறார்கள். கடைசியில்தான் ஒரு வெள்ளை விஞ்ஞானி, அதுவும் வீரமாகச் சண்டை போட்டு, பின்னணி இசையோடு. லூயிஸுக்கு அழ ஒரு ஆள் கிடையாது. அமேசான் என்பது அவருடைய ஊர், அந்த ஊரிலேயே அவர் துணைப் பாத்திரம்.

அந்தப் படத்தில் எல்லோரும் பேசும் காட்சி ஒன்று உண்டு. கதாநாயகி வெள்ளை நீச்சலுடையில் மேலே நீந்துகிறார். அவருக்கு அடியில், மல்லாந்த நிலையில், அவரைத் தொடாமல் செவுள்மனிதன் கூடவே நீந்துகிறான். அந்த நீரடிக் காட்சிகள் எடுக்கப்பட்டது அமேசானில் அல்ல. புளோரிடாவின் வகுல்லா ஊற்றில். கண்ணாடி போன்ற நீர். அந்த நீரில் கறுப்பர் இறங்கக் கூடாது என்பது அன்றைய நடைமுறை; வெள்ளையருக்கு மட்டுமான உல்லாச விடுதியின் ஊற்று அது. செதிலும் செவுளும் நகமும் வைத்த ரப்பர் உடைக்கு அனுமதி உண்டு. வெள்ளைப் பெண்ணுக்கு ஒரு முழம் கீழே நீந்தவும் அனுமதி உண்டு. பக்கத்து ஊரில் பிறந்த கறுப்புப் பிள்ளைக்குக் காலை நனைக்க அனுமதி கிடையாது. தீட்டு என்பதை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று நமக்கு ஒரு கர்வம் உண்டு. கொஞ்சம் அடங்கலாம்.

ரப்பருக்குள் இருந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீருக்குள் நீந்தியவர் புளோரிடாக்காரர் ரிக்கோ பிரௌனிங். நிலத்தில் நடந்தவர் பென் சாப்மன், தஹிதித் தீவில் வளர்ந்தவர். பசிபிக் தீவில் வளர்ந்த ஒருவருக்குத் தலைப்பு வேடம் கிடைத்துவிட்டது, பாருங்கள்! ஒரே நிபந்தனை, உச்சி முதல் உள்ளங்கால்வரை தோல் வெளியே தெரியக் கூடாது. டைட்டிலில் பெயரும் வராது. இரண்டு பேருக்குமே வரவில்லை.

அந்த உடலை வரைந்து வடிவமைத்த மிலிசென்ட் பேட்ரிக்குக்கும் வரவில்லை. யுனிவர்சலின் ஒப்பனைப் பிரிவில் இருந்த பெண். படத்தை விற்க அவரை ஊர் ஊராக அனுப்பலாம் என்று விளம்பரப் பிரிவு நினைத்தது. பூதத்தைப் படைத்த அழகி என்று சொன்னால் கூட்டம் வரும். பிரிவுத் தலைவர் பட் வெஸ்ட்மோருக்கு வயிறு எரிந்தது. படைத்தவள் என்ற பேச்சே கூடாது என்றார். பூதத்தோடு வசிக்கும் அழகி என்று விளம்பரம் மாறியது. அவரும் போனார், சிரித்தார், பேட்டி கொடுத்தார். திரும்பி வந்தபோது வேலை போயிருந்தது. ஒப்பனைக்கான பெயர் திரையில் வெஸ்ட்மோருக்கு மட்டும். பூதத்தோடு வசித்தது உண்மைதான் என்று அவர் அன்றைக்குத்தான் புரிந்துகொண்டிருப்பார்.

இப்போது சுவரொட்டிகளுக்கு வருவோம். ஐம்பதுகளின் பூதப் பட சுவரொட்டி என்றால் ஒரே படம்தான். மயங்கிய வெள்ளைப் பெண், தலை ஒரு பக்கம் தொங்க, கால் மறுபக்கம் தொங்க, பூதத்தின் இரு கைகளில். செவுள்மனிதன் தூக்கினான், ரோபோ தூக்கியது, நடக்கும் மரம்கூடத் தூக்கியது. தணிக்கைக்கு ஹாலிவுட் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதித்தொகுப்பு ஒன்று இருந்தது. கறுப்பர், வெள்ளையர் இனங்களுக்கிடையே உறவைத் திரையில் காட்டலாகாது என்று அதில் ஒரு விதி. 1956 டிசம்பரில்தான் அதை எடுத்தார்கள். பூதத்துக்கும் பெண்ணுக்கும் இடையே எது ஆகும், எது ஆகாது என்று அந்தத் தொகுப்பு வாயே திறக்கவில்லை. ஆகவே ஒரு கறுப்பு இளைஞன் வெள்ளைப் பெண்ணின் விரலைத் தொட்டால் விதிமீறல். கோடிக்கணக்கான வருஷத்துப் பிராணி அவளை இடுப்போடு அணைத்துக் குகைக்குத் தூக்கிப் போனால் குடும்பத்தோடு பார்க்கலாம், குழந்தைகளுக்கு அரை டிக்கெட்.

1955 இல் செவுள்மனிதன் இரண்டாம் பாகத்தில் திரும்பி வந்தான். அதே பிராணி, அதே ஆசை, வேறு வெள்ளைப் பெண். அவளையும் தூக்கிக்கொண்டு ஓடினான். மக்கள் கைதட்டினார்கள், மூன்றாம் பாகம் தயாரானது. அதே 1955 ஆகஸ்டில் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுப் பையன் சிகாகோவிலிருந்து மிசிசிப்பியில் உறவினர் வீட்டுக்குப் போனான். கடையில் இருந்த வெள்ளைப் பெண்ணிடம் மரியாதைக் குறைவாக நடந்தான், விசில் அடித்தான் என்று சொன்னார்கள். இரவில் வீடு புகுந்து தூக்கிப் போய், அடித்து, சுட்டு, பஞ்சு ஆலையின் இரும்பு விசிறியைக் கழுத்தில் கட்டி ஆற்றில் போட்டார்கள். வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி 67 நிமிடம் யோசித்துக் கொலைகாரர்களை விடுதலை செய்தது. சில மாதம் கழித்து, இனித் தண்டிக்க முடியாது என்று தெரிந்ததும், அவர்களே ஒரு பத்திரிகையிடம் காசு வாங்கிக்கொண்டு, ஆம், கொன்றோம் என்று சொன்னார்கள்.

அந்த வருஷம் அமெரிக்காவில் வெள்ளைப் பெண்ணைத் தொட்டுவிட்டு உயிரோடு இருக்க ஆசைப்பட்டவன், முதலில் செவுள் முளைக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் பாகத்தில் செவுள்மனிதனைப் பிடித்து வந்து பெரிய தொட்டியில் வைத்துக் காட்சிப்படுத்துகிறார்கள். படம்பிடித்தது புளோரிடாவின் மரீன்லேண்ட் கடற்காட்சியகத்தில். அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் செயின்ட் அகஸ்டின் நகரம். 1964 ஜூனில் அங்கே ஒரு ஓட்டலின் நீச்சல்குளத்தில் கறுப்பரும் வெள்ளையருமாகப் போராட்டக்காரர்கள் குதித்தார்கள். ஓட்டல்காரர் குளம் கழுவும் அமிலத்தைக் கொண்டுவந்து, அவர்கள் நீந்திக்கொண்டிருந்த தண்ணீரிலேயே ஊற்றினார். புகைப்படம் இருக்கிறது, உலகம் முழுக்கப் போனது. ஏறக்குறைய பத்து வருஷம் முன்னால் அதே கரையோரத்தில் பூதத்துக்குத் தொட்டி கட்டி, வேளாவேளைக்கு மீன் கொடுத்தவர்கள், மனிதர் இறங்கியதும் அமிலக் குடத்தோடு வந்தார்கள். யாரைப் பார்த்து யார் அலறியிருக்க வேண்டும் என்று அந்தப் படங்கள் கடைசிவரை குழம்பியே இருந்தன.

மூன்றாம் பாகத்தைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பிடிக்கும், அதில்தான் உண்மை தவறிப்போய்ச் சிந்திவிட்டது. 1956. தீயில் வெந்த செவுள்மனிதனை அறுவைசிகிச்சை செய்து நுரையீரலால் மூச்சுவிட வைக்கிறார்கள். நாகரிகமாக உடை தைத்துப் போடுகிறார்கள். நம்மில் ஒருவனாக ஆகிவிட்டான் என்று மகிழ்ந்து, மின்வேலி போட்ட கொட்டடியில் அடைக்கிறார்கள். பிறகு பணக்கார வெள்ளை டாக்டர் பொறாமையில் ஒரு ஆளைக் கொல்கிறார்; பிணத்தைக் கொண்டுபோய் செவுள்மனிதனின் கொட்டடியில் போடுகிறார், பழி அவன்மேல் விழட்டும் என்று. அமெரிக்காவில் ஒருவன் குடிமகனாக ஏற்றுக்கொள்ளப்படும் முறையை இதைவிடச் சுருக்கமாக எந்த அரசியல் சாசன நிபுணரும் விளக்கியதில்லை.

*

இந்தப் பூதங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் பல படங்களில் ஒரே பதில். அணுகுண்டு. 'தெம்!' படத்தில் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் எறும்புகள் ராட்சச அளவுக்கு வளர்கின்றன. காரணம் 1945 இல் அங்கே வெடித்த முதல் குண்டு என்று விஞ்ஞானி சொல்கிறார். திரையில் அந்தப் பாலைவனம் வெறும் மணல். மனிதர் என்றால் போலீஸ், ராணுவம், ஒரு பல்பொருள் கடைக்காரர். உண்மையில் 1945 ஜூலை 16 காலை டிரினிட்டி குண்டு வெடித்தபோது அந்தப் பகுதியில் ஸ்பானிய மொழி பேசும் விவசாயிகள் இருந்தார்கள், மெஸ்கலேரோ அபாச்சி மக்கள் இருந்தார்கள், மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்த குடும்பங்கள் இருந்தன. அந்தத் தொட்டிகளில் சாம்பல் விழுந்தது. வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துவிட்டது, கவலை வேண்டாம் என்று ராணுவம் அறிக்கை விட்டது.

எறும்புகளின் துயரத்தை ஹாலிவுட் ஒன்பது வருஷத்தில் படமாக எடுத்து ஆஸ்கார் பரிந்துரையும் வாங்கிக் கொடுத்தது. கதிர்வீச்சில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர 1990 இல் சட்டம் வந்தபோது, முதல் குண்டின் சாம்பல் விழுந்த நியூ மெக்சிகோ மக்களின் பெயர் அதில் இல்லை. 2025 இல்தான் சேர்த்தார்கள். எண்பது வருஷம். அவர்கள் செய்த ஒரே தவறு, இருபதடி உயரத்துக்கு வளராமல் புற்றுநோயில் செத்தது.

அதே 1954 இல், அதே நியூ மெக்சிகோவைப் பற்றி இன்னொரு படமும் வந்தது. 'சால்ட் ஆஃப் த எர்த்'. துத்தநாகச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்த மெக்சிகோ வழித் தொழிலாளர்களின் கதை. உண்மையான சுரங்கத் தொழிலாளர்களே நடித்தார்கள். கதாநாயகி ரொசௌரா ரெவுவெல்தாஸைப் படப்பிடிப்பின் நடுவிலேயே குடிவரவு அதிகாரிகள் பிடித்து மெக்சிகோவுக்கு அனுப்பினார்கள். எடுத்தவர்கள் கம்யூனிஸ்டுகள் என்று கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள். நாடு முழுக்க விரல்விட்டு எண்ணுகிற தியேட்டர்களே திரையிட்டன. ஆக, அந்தப் பாலைவனத்தில் மனிதர் இருக்கிறார்கள் என்பது தெரியாமல் போகவில்லை. தெரிந்தது, அதனால் தடுத்தார்கள். அந்தக் காலம் அப்படி என்று சமாதானம் சொல்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரலாம்.

பசிபிக்கில் இன்னும் தாராளம். 1946 மார்ச்சில் பிகினித் தீவின் 167 பேரை, மனித குலத்தின் நன்மைக்காகக் கொஞ்ச நாள் கிளம்புங்கள் என்று சொல்லிக் கப்பலேற்றினார்கள். 1958 வரை மார்ஷல் தீவுகளில் 67 குண்டுகள் வெடித்தார்கள். 1954 மார்ச் 1 அன்று வெடித்த பிராவோ குண்டின் சாம்பல் ரோங்கெலாப் தீவின் பிள்ளைகள்மேல் பெய்தது. இரண்டு நாள் கழித்துத்தான் அவர்களை அங்கிருந்து எடுத்தார்கள். 1957 இல், எல்லாம் சரியாகிவிட்டது என்று கூட்டிப் போய் அதே தீவில் இறக்கிவிட்டார்கள். வருஷா வருஷம் டாக்டர்கள் வந்து ரத்தம் எடுத்துக் குறித்துக்கொண்டு போனார்கள்.

அந்த 1957 இல் ஹாலிவுட் பசிபிக் தீவுகளைப் பற்றி இரண்டு பூதப் படம் தந்தது. ஒன்றில், குண்டு வெடித்த பகுதித் தீவுக்கு ஆராய்ச்சிக் குழு போகிறது. அங்கே நண்டுகள் இருக்கின்றன, தீவுவாசி என்று ஒருவர் இல்லை. நண்டுக்குப் பேசவும் தெரியும். விழுங்கிய விஞ்ஞானிகளின் குரலிலேயே பேசும். பிகினியின் 167 பேருக்கு வாய்க்காத வசனம். இன்னொன்று 'ஃப்ரம் ஹெல் இட் கேம்'. இதில் தீவுவாசிகள் உண்டு, வெள்ளை நடிகர்கள் பூப்போட்ட துணி கட்டி வருகிறார்கள். அமெரிக்க விஞ்ஞானிகள் கதிர்வீச்சின் விளைவை ஆராய வந்திருக்கிறார்கள். பாவம், நல்லவர்கள், மருந்து கொடுக்கிறார்கள். காட்டுமிராண்டிகள் நன்றியில்லாமல் மந்திரவாதி பேச்சைக் கேட்கிறார்கள். அநியாயமாகக் கொல்லப்பட்ட தீவு இளவரசன், நெஞ்சில் கத்தியோடு, நடக்கும் மரமாக முளைத்து வருகிறான். யாரைப் பழிவாங்க? குண்டு போட்டவனையா? தன் ஊர் மந்திரவாதியை. அதே வருஷத்தில் ரோங்கெலாப்பில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த டாக்டர்கள் இந்தப் படத்தைப் பார்த்திருந்தால் மனசு நிறைந்திருக்கும்.

பிராவோ சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின்மேலும் விழுந்தது. 23 பேர். படகின் ரேடியோ ஆபரேட்டர் குபோயாமா செப்டம்பரில் இறந்தார். நவம்பர் 3 அன்று இஷிரோ ஹோண்டாவின் 'கோஜிரா' வெளியானது. குண்டு வாங்கியவர்களே எடுத்த பூதப் படம். அமெரிக்கா அதை வாங்கி, 1956 இல் 'காட்ஸில்லா' என்று வெளியிட்டது. ரேமண்ட் பர் என்ற வெள்ளை நடிகரை வைத்துத் தனியாகக் காட்சி எடுத்து நடுநடுவே செருகினார்கள். டோக்கியோ எரிகிறது, ஜன்னலருகே அவர் நின்று நமக்கு வர்ணிக்கிறார். வீடு எரிகிறவன் அழுதால் அமெரிக்கனுக்குப் புரியாதாம். விருந்தாளி பார்த்துச் சொன்னால்தான் புரியுமாம். ரயிலில் ஒரு பெண் நாகசாகியில் தப்பியதைச் சொல்லும் பேச்சு வெட்டப்பட்டது. சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு பூதம் வரும் என்ற முதிய விஞ்ஞானியின் கடைசி எச்சரிக்கை போனது. உலகம் இனி நிம்மதியாக வாழலாம் என்று பர் முடித்துவைத்தார். உலகம் நிம்மதியாக வாழ்ந்த அந்த 1956 கோடையில் பிகினியிலும் எனிவெட்டாக்கிலும் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தன.

நம் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 1952 இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கரோடு கூட்டுச் சேர்ந்து 'த ஜங்கிள்' என்ற படம் எடுத்தது, தமிழில் 'காடு'. யானைகளுக்கு ரோமப் போர்வை போர்த்தி, ஆதிகாலத்து மாமூத் என்று ஓடவிட்டார்கள். அந்த வெயிலில் அவை பட்ட பாடு தனி. கதை நடப்பது இந்தியாவில். இளவரசியின் பெயர் சீதா. நடித்தவர் யூட்டா மாநிலத்தில் பிறந்த மேரி வின்ட்சர். அவருக்கு அடுத்த இந்தியப் பாத்திரம் ராமா சிங், நடித்தவர் நியூயார்க்கில் பிறந்த சீசர் ரொமேரோ. நம்பியாருக்கு ஒரு வேடம் உண்டு. சேலத்தில், சுந்தரம் முதலாளியின் கொட்டகையில், நம் யானை, நம் காடு, நம் காசு. சீதையைத் தேட அட்லாண்டிக் தாண்டிப் போனார்கள். யானைகளாவது உள்ளூர்க்காரர்களாக இருந்தது, அமெரிக்காவிலிருந்து கொண்டுவரச் செலவாகும் என்பதால்.

கடைசியாக 1968. ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்'. கதாநாயகனுக்கு நிறம் எழுதப்படவில்லை. நன்றாக நடித்தார் என்று டுவேன் ஜோன்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். பிணங்கள் எழுந்து வந்து மனிதரைத் தின்கிற இரவு. வீட்டுக்குள் அடைபட்ட எல்லோரையும்விட அவர் நிதானமாக யோசிக்கிறார், கதவை அடைக்கிறார், துப்பாக்கி பிடிக்கிறார், கோழை வெள்ளையன் ஒருவனை அறைகிறார். விடிகிறது. மற்ற எல்லோரும் செத்தாயிற்று. அவர் மட்டும் உயிரோடு ஜன்னலுக்கு வருகிறார். ஷெரிப்பும் நாய்களும் துப்பாக்கிக்காரர்களுமாக வெள்ளையர் கூட்டம் வயலில் வருகிறது. தூரத்திலிருந்து குறிபார்த்து நெற்றியில் சுடுகிறார்கள். கொக்கியால் இழுத்துப்போய் நெருப்பில் போடுகிறார்கள். அந்தப் பகுதி அசையாப் புகைப்படங்களாக வருகிறது; தென்மாநிலங்களில் கறுப்பரைத் தூக்கிலிட்டு எரித்துவிட்டுச் சுற்றி நின்று எடுத்துக்கொண்ட படங்களை அஞ்சலட்டையாக அச்சடித்து விற்ற நாடு அது, பார்த்தவர்களுக்குப் பழக்கம் இருந்திருக்கும். படம் தயாரானது அந்த ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் மெம்பிஸில் சுடப்பட்ட வாரம்.

முதல் ரீலில் செத்துக்கொண்டிருந்தவருக்குக் கடைசி ரீல்வரை பதவி உயர்வு கிடைத்துவிட்டது. இரவு முழுக்க முயன்றும் அவர்மேல் ஒரு பல்கூடப் படவில்லை என்பதைப் பிணங்கள் தரப்பில் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறார்கள்.